அழகிரி போட்ட கோடு

மன்னார்புரம் தாண்டி மதுரை ரோட்டில் அந்தக் காலத்தில் ஒரு மாவு மில் இருந்தது. மாவு மில் என்றதும் கேழ்வரகைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். புதிதாகக் குடிவந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் அப்படிப் போய் அசடு வழியத் திரும்பியிருக்கிறார்கள். அங்கே அரைத்தது கல். வெங்கச்சங்கல் என்போமே, காட்டில் வெள்ளை வெளேரென்று கிடந்து காலைப் பதம் பார்க்குமே, அந்தக் கல். வண்டி வண்டியாக வந்து இறங்கும். பெண்கள் உட்கார்ந்து சுத்தியலால் உடைப்பார்கள். மிஷின் அதை நொறுக்கும், அப்புறம் அரைக்கும். கடைசியில் மைதா மாதிரி ஒரு பொடி வரும். கண்ணாடி செய்கிறவர்களுக்கும் பாத்திரம் துலக்கும் பவுடர் செய்கிறவர்களுக்கும் மூட்டை மூட்டையாகப் போகும். மார்கழி வந்தால் கோலத்துக்கும் கொஞ்சம் போகும்.

அந்தப் பொடியைச் சலித்து மூட்டை பிடிக்கிற அறையில் வேலை செய்தவன் அழகிரி.

அவனுக்கு மணப்பாறைப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். அப்பாவின் நிலத்தில் மண்ணைவிட வெங்கச்சங்கல்தான் அதிகம். கலப்பைக் கொழுவின் முனை மழுங்கும்போதெல்லாம், "இந்தக் கல்லத் திங்கவா முடியும்?" என்று அவர் கத்துவார். ஐம்பத்திரண்டில் மழை சுத்தமாக ஏமாற்றியது. அந்த வருஷம்தான் கல்லை வாங்கிக்கொண்டு போக மில்லிலிருந்து வண்டி வந்தது. நாள் முழுக்கக் கல்லைப் பொறுக்கி ஏற்றிய அழகிரி, கடைசியில் கல்லோடு கல்லாக அந்த வண்டியிலேயே ஏறி உட்கார்ந்து திருச்சிக்கு வந்துவிட்டான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. மூட்டையை ஒற்றைக் கையால் புரட்டுகிற உடம்பு.

சலிப்பு அறைக்கு ஒரு கதவு. இரண்டு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் சரக்கு காற்றில் போய்விடும் என்று பலகை வைத்து அடித்திருந்தார்கள். உள்ளே நின்றால் எதிரில் இருப்பவன் முகம் பனிமூட்டத்தில் தெரிகிற மாதிரிதான் தெரியும். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. சாயந்தரம் வெளியே வருகிறபோது புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளை. மிஷின் ஓட்டுகிற காஜா மைதீன் வாசலில் நின்றுகொண்டு, "மாப்பிள்ளைக்குப் பவுடர் பூசியாச்சுப்பா, பொண்ணக் கூட்டிட்டு வாங்க!" என்று தினம் ஒரு தடவையாவது கத்துவான். அழகிரி தலையை அவன் மேல் உதறிவிட்டுக் குழாயடிக்கு ஓடுவான்.

தூசிக்கு முதலாளி ஒரு மருந்து வைத்திருந்தார். நாலு மணிக்கு ஆளுக்கு ஒரு வெல்லக்கட்டி, எலுமிச்சங்காய் அளவு. உள்ளே போன தூசியை வெல்லம் வழித்து வயிற்றில் இறக்கிவிடும், மறுநாள் காலையில் வெளியே போய்விடும் என்பது மில்லில் இருந்த அத்தனை பேரின் நம்பிக்கை. முதலாளியும் நம்பினாரோ என்னவோ. ஜன்னலைத் திறப்பதைவிட வெல்லம் கொடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது, அது மட்டும் நிச்சயம்.

ஐம்பத்தாறில் துறையூர்ப் பக்கத்திலிருந்து மயிலம்மாள் வந்தாள், நிஜமாகவே கல்யாணப் பெண்ணாக. மன்னார்புரத்தில் ஒரு ஸ்டோரில், வரிசையாக இருந்த எட்டு வீடுகளில் ஒன்றில் குடித்தனம் வைத்தார்கள். வீடு என்றால் ஒரே அறை, மூலையில் அடுப்பு. பக்கத்து வீடு காஜா மைதீனுடையது. மயிலம்மாளுக்கு நாள் தள்ளிப்போனதும் வாய் இனிப்புக்கு அலைந்தது. அவள் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை டப்பாவை அவள் திறந்து திறந்து மூடுவதை அழகிரி பார்த்துவிட்டான். அன்றிலிருந்து நாலு மணி வெல்லம் துண்டின் நுனியில் முடிச்சாகி வீட்டுக்கு வந்தது.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு குடுத்தாங்க புள்ள. ஒண்ணு தின்னுட்டேன்."

அப்பட்டமான பொய். அவளும் நம்பி, கண்ணை மூடிக்கொண்டு அதைச் சுவைப்பாள். இவன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவன் தின்றிருந்தால்கூட அத்தனை தித்தித்திருக்காது.

ஐம்பத்தேழு புரட்டாசியில் பெண் பிறந்தது. ஸ்ரீரங்கத்துத் தாயார் பெயரை வைத்தார்கள், ரங்கநாயகி. வாயில் நுழைந்தது ரெங்கி. அழகிரி குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து அவளை வாங்கினால் அப்புறம் தூங்கும்வரை கீழே விடமாட்டான். எத்தனை குளித்தாலும் புருவத்தில் கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுப்பதுதான் ரெங்கிக்கு விளையாட்டு. அந்தச் சந்தோஷம் நாலு மாதம் நீடித்தது.

இருமல் முன்பே இருந்தது. மில்லில் யாருக்குத்தான் இல்லை? ஆனால் அந்தத் தை மாதம் அழகிரிக்குக் குழாயடியிலிருந்து வீட்டுக்கு வாளி தூக்கி வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கவேண்டியிருந்தது. காஜா மைதீன் அவனை டவுனில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் பொட்டுப் பொட்டாக இருந்தது.

"டி.பி.தான். பீடி உண்டா? குடி உண்டா? குடும்பத்துல யாருக்காவது இருந்துதா?"

எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றான்.

"கைக்குழந்தை இருக்கா? கிட்டவே சேர்க்காதே. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் படுக்கை. உன் மூச்சு அது மேல படக்கூடாது, புரியுதா?"

அதை மட்டும் அழகிரி நன்றாகப் புரிந்துகொண்டான். வீட்டுக்கு வந்ததும், மில்லில் கோலத்துக்கென்று கொடுத்த பொடி டப்பாவை எடுத்தான். சுவரிலிருந்து சுவருக்கு அறையின் குறுக்கே ஒரு கோடு போட்டான். நூல் பிடித்த மாதிரி நேர்கோடு. வாசல் பக்கம் அவன். அடுப்புப் பக்கம் மயிலும் குழந்தையும்.

"என்னங்க இது?"

"இதைத் தாண்டி நான் வரமாட்டேன். அவளும் வரக்கூடாது. நீயும் சோத்தக் கோட்டு மேல வச்சிட்டுப் போயிரு."

மயிலம்மாள் அழுதாள், சண்டை போட்டாள், பேசாமல் இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தினம் காலையில் கலைந்த இடத்தை அவன் பொடி தூவிச் சரிசெய்துவிட்டு வேலைக்குப் போவான். ஆமாம், மில்லுக்கேதான். ஊசி போட்டுக்கொண்டான், மாத்திரை தின்றான், மறுபடி போய் அந்த அறையில்தான் நின்றான். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று காஜா மைதீனும் வாயைத் திறக்கவில்லை. போகாதே என்று சொல்ல ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். யாருக்கும் தோன்றவில்லை.

ரெங்கி கோட்டோடு வளர்ந்தாள். தவழ்ந்து வந்து கோட்டைத் தொட்டால் அப்பா "ஊஹூம்!" என்று கத்துவார், அம்மா ஓடிவந்து தூக்கிவிடுவாள். நடக்க ஆரம்பித்தபோது கோட்டு விளிம்பில் இரண்டு பாதத்தையும் ஒழுங்காக ஒட்டி வைத்து நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அவளுடைய மரப்பந்து உருண்டு இந்தப் பக்கம் வந்தால் அழகிரி கையால் தொடமாட்டான். விளக்குமாற்றுக் கட்டையால் தள்ளிவிடுவான். அதையே இரண்டு பேரும் விளையாட்டாக்கிக் கொண்டார்கள். அவள் உருட்டுவாள், அவன் கட்டையால் தட்டுவான், அவள் கெக்கெக்கே என்று சிரிப்பாள். சிரிக்கிற வாயை அவன் ஏழடி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் காஜா மைதீன் தன் மகள் வஹீதாவைத் தோளில் உட்காரவைத்து வாசலில் ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தான். ரெங்கி அதைப் பார்த்து மிரண்டு போனாள். கிட்டே போய் அவன் காலடியில் தரையைத் தேடினாள்.

"மாமா, உங்க கோடு எங்க?"

காஜா மைதீனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வஹீதாவை இறக்கி விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அப்பா என்றால் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆள் என்று அந்தக் குழந்தை நினைத்திருந்தது. உலகத்து அப்பாக்கள் எல்லோருக்கும் ஒரு கோடு உண்டு என்று.

இப்படி இரண்டரை வருஷம் ஓடியது. ஊசியால் குணம் தெரியவில்லை. மூச்சு இன்னும் குறைந்தது. அறுபதாம் வருஷம் ஆனி மாதம் காஜா மைதீன் பிடிவாதம் பிடித்து அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். மயிலம்மாள் கூடப் போனாள். ரெங்கியை வஹீதா வீட்டில் விட்டார்கள். ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். மூன்று தடவை சளியை வாங்கிப் பரிசோதிக்க அனுப்பினார். புதுப் படம் எடுத்தார். நாலாவது தடவை போனபோது படத்தையும் சீட்டுகளையும் எதிரே வைத்துக்கொண்டு, இத்தனை நாளில் ஒருவரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"மாவு மில்லுல சலிக்கிறேங்க."

"அரிசி மாவா?"

"இல்லீங்க. கல்லு மாவு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எத்தனை வருஷமாக, எந்தக் கல், அறையில் ஜன்னல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் சொன்னார். "அழகிரி, மூணு தடவை பாத்தாச்சு, உங்க சளியில கிருமி இல்ல. படத்துல தெரியறதும் டி.பி. இல்ல. அது நீங்க சலிச்ச கல்லு. பொடியா உள்ள போயி நுரையீரல்ல தங்கிப்போச்சு. தங்கின இடம் தழும்பாகி இறுகிடுச்சு. அத வெளியில எடுக்க மருந்து கிடையாது. ஊசி மாத்திரையால கரையாது. இனிமே அந்த மில் பக்கமே போகக்கூடாது. போனா இன்னும் சீக்கிரம்..." என்று நிறுத்திக்கொண்டார்.

மருந்து கிடையாது என்று கேட்ட மனுஷன் அடுத்துத் தன்னைப் பற்றித்தானே கேட்க வேண்டும்? அழகிரி நாற்காலி நுனிக்கு நகர்ந்து வந்தான்.

"அப்ப இது ஒட்டாதுங்களா?"

"எது?"

"இந்த நோவு. என் மூச்சுல இருந்து புள்ளைக்கு ஒட்டாதுங்களா?"

"கல்லு எப்படிய்யா ஒட்டும்? ஒட்டாது. ஆனா இந்த மாதிரி நுரையீரல்ல பின்னால டி.பி. சுலபமா வந்து சேரும். அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும். இப்ப இல்ல."

"புள்ளையத் தூக்கலாங்களா?"

"தூக்கலாம்."

"மடியில வச்சுக்கலாங்களா? முத்தம் குடுக்கலாங்களா?"

டாக்டரம்மா அவனையே பார்த்தார். "எத்தன நாளா தூக்காம இருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். பின்னால் நின்றிருந்த மயிலம்மாள் சொன்னாள்.

சொன்ன கையோடு அவளும் ஒன்று கேட்டாள். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "டாக்டரம்மா, தூசி இறங்கறதுக்கு மில்லுல வெல்லம் குடுப்பாங்க. முழுகாம இருந்தப்ப அவரு அதத் திங்காம எனக்குக் கொண்டாந்து குடுத்தாரு. எல்லாத்தையும் நான்தான் தின்னேன். அவரு தின்னிருந்தா இது வந்திருக்காதுல்ல?"

அழகிரி திரும்பிப் பார்த்தான். இரண்டரை வருஷமாக இவள் இதையா நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தாள்! அவன் ஒரு கோடு போட்டால், இவள் இன்னொரு கோட்டுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து இருந்திருக்கிறாள்.

"யாரும்மா சொன்னது?" டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் மேல் இல்லை. "வெல்லம் போறது வயித்துக்கு. தூசி போறது நெஞ்சுக்கு. ரெண்டும் வேற வேற வழி. ஒரு மூட்டை வெல்லம் தின்னிருந்தாலும் ஒரு பொட்டு தூசி இறங்கியிருக்காது. நீ தின்னது நல்லதாப் போச்சு."

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் புருஷனும் பெண்டாட்டியும் நின்று சிரித்தார்கள், அழுதார்கள். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. தீராத வியாதி என்று எழுதிக்கொடுத்த சீட்டு அழகிரி கையில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மயிலம்மாள் ஈரத்துணியால் கோட்டைத் துடைத்து எடுத்தாள். பொடி டப்பாவைக் குப்பையில் குழிதோண்டிப் புதைத்தாள். அழகிரி குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான். "ரெங்கி, அப்பாகிட்ட வா."

ரெங்கி கோடு இருந்த இடம்வரை ஓடிவந்தாள். இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து நின்றாள். அதற்குமேல் ஓர் அங்குலம் நகரவில்லை.

கடையில் வாங்கிய வெல்லத்தைக் காட்டினான். கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள். கோடு இல்லையே, பாரு என்றான். தலையை ஆட்டினாள், அங்கேயே நின்றாள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அவனே எழுந்து அந்தப் பக்கம் போனான். "அப்பா கோட்டத் தாண்டிட்டாரு! அம்மா, அப்பா தாண்டிட்டாரு!" என்று வீல் வீலென்று கத்திக்கொண்டு அடுப்பு மூலையில் போய் ஒண்டிக்கொண்டாள். அப்புறம் அவன் அந்த மாதிரி செய்யவில்லை. பலவந்தமாகத் தூக்கியிருக்கலாம். பயந்து நடுங்குகிற பிள்ளையைத் தூக்குவதற்கா இத்தனை நாள் காத்திருந்தான்?

பயம் அவனுக்கும் இருந்தது. குழந்தைக்கு மூன்று வயதாகப் போகிறது, நாளுக்கு நாள் கனம் ஏறுகிறது. அவனுக்கோ நாளுக்கு நாள் மூச்சு இறங்குகிறது. அவள் வருகிற அன்று தூக்கத் தனக்குத் தெம்பு இருக்குமா? யாரிடமும் சொல்லாமல் ஒரு படி அரிசியை மூட்டை கட்டித் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டான்.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மில்லை அன்றோடு விட்டான். ஸ்ரீரங்கத்தில் ஒரு பூக்கடையில் உட்கார்ந்த இடத்திலிருந்து மாலைகளுக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலை கிடைத்தது. தூசியே இல்லாத வேலை. சலிப்பு அறைக்குப் புதிதாக வந்த காத்தமுத்துவை மில் வாசலிலேயே காத்திருந்து மடக்கி, தன் எக்ஸ்ரே படத்தை வெயிலில் தூக்கிக் காட்டினான். காத்தமுத்து மறுநாளே நின்றுவிட்டான். அவன் இடத்துக்கு இன்னொருவன் வந்தான். ஜன்னல் பலகைகள் அப்படியேதான் இருந்தன, நாலு மணி வெல்லமும் நிற்கவில்லை. அழகிரி அறுபத்தேழாம் வருஷம் வரை இருந்தான். கடைசி வருஷம் படுத்துத் தூங்க முடியாமல் உட்கார்ந்தபடியேதான் தூங்கினான். மயிலம்மாள் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான். இனி ஆடிப் பதினெட்டுக்கு வருவோம்.

அறுபதாம் வருஷத்து ஆடிப் பதினெட்டு. ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் கூட்டம் சொல்லி முடியாது. காவேரி இரு கரையும் தொட்டுக்கொண்டு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். மயிலம்மாளும் விட்டாள். புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள். ஒரு சொம்பு ஆற்றுத் தண்ணீரோடு மேற்படிக்கு ஏறிவந்து புளிச்சோறும் தயிர்ச்சோறும் இருந்த தூக்கைத் திறந்தாள். ஒரே ஓர் இலைதான் கொண்டு வந்திருந்தாள். தனித் தட்டை வீட்டிலேயே விட்டுவிட்டாள். ஆனால் பழக்கம் விடுகிறதா? அழகிரி தன்னையறியாமல் இரண்டு கை தூரம் தள்ளித்தான் உட்கார்ந்தான்.

ரெங்கி தனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த கல்படியைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"அப்பா, கோடு போடுப்பா."

மயிலம்மாளின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. கோடு இல்லாத அப்பாவிடம் எப்படி உட்காருவது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. கோடு இருந்தால்தான் அவளுக்கு நிம்மதி. அழகிரி சொம்புக்குள் விரலை விட்டான். கல்லின் மேல் தண்ணீரால் ஒரு கோடு இழுத்தான். பழைய கை, நூல் பிடித்த மாதிரி வந்தது.

ரெங்கிக்கு முகம் மலர்ந்தது. ஓடிவந்து இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து, கோட்டு விளிம்பில் நின்றாள்.

உச்சி வெயிலில் கல் தகித்துக்கொண்டிருந்தது. கோடு ஓரத்தில் மெலிந்தது. நடுவில் ஓரிடத்தில் அறுந்தது. ரெங்கி குந்தி உட்கார்ந்து உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, கோடு போகுது!"

"ஆமாண்டா கண்ணு, போகுது."

"எங்க போகுது?"

"அது ஊருக்குப் போகுது. நம்மள விட்டுட்டுப் போகுது."

கடைசிப் பொட்டு ஈரமும் கல்லில் மறைந்தது. ரெங்கி விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலைத் தூக்கி அம்மாவிடம் காட்டினாள். காய்ந்திருந்தது. "போயிருச்சு," என்றாள்.

அழகிரி கையை நீட்டவில்லை. மூச்சைக்கூட விடவில்லை. ரெங்கி ஒரு காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மற்றக் காலையும் வைத்தாள். அப்புறம் இரண்டே எட்டில் வந்து அவன் முழங்காலைப் பிடித்தாள். அவன் தூக்கினான். ஒரு படி அரிசி எங்கே, இவள் எங்கே! மூன்று தடவை மூச்சு வாங்கித்தான் மடிக்குக் கொண்டுவர முடிந்தது. அவள் முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக விரலை நீட்டி அவன் புருவத்தைப் பிடித்து இழுத்தாள். நாலு மாதக் குழந்தைக்கு ஞாபகம் இருக்குமா என்று கேட்காதீர்கள். இழுத்தாள்.

மயிலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே இலையில் மூன்று பேருக்கும் சோற்றைப் போட்டாள். ரெங்கி அப்பா கையால் இரண்டு உருண்டை வாங்கித் தின்றாள். வாய் நிறையச் சோற்றோடு சொம்பைக் காட்டினாள்.

"அப்பா, இன்னொரு கோடு போடுப்பா!"

"தண்ணி தீந்து போச்சும்மா," என்றான் அழகிரி. எதிரே காவேரி இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.